குதிரைத் துரையின் முகம் திரும்பிய விதம்

சென்ற மாதம் எங்கள் தங்கவயலில், ஆண்டர்சன்பேட்டை மாதாகோயில் பள்ளிக்கூடத்தில் ஒரு பிரசங்கம் நடந்தது. பெங்களூரிலிருந்து வந்திருந்த உபாத்தியாயர் ஒருவர், அந்த நகரத்தின் பழைய சின்னங்களுக்குப் பின்னால் இருக்கும் ஆச்சரியமான வரலாறுகளைப் பற்றிப் பேசினார். கண்ணாடிப் படங்களை விளக்கு வைத்து வெள்ளைத் துணியில் பெரிதாகக் காட்டும் லாந்தர்ப் பெட்டி ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். சுரங்கத்தில் பகல் ஷிஃப்ட் முடித்து முகம் கழுவி வந்தவர்களும், என்னைப் போல வேலையை விட்டவர்களும் தரையில் நெருக்கி உட்கார்ந்தோம்.

முதல் படம், பெங்களூர் மேட்டின் மேல் இருக்கும் கொடிமரம். அது பழைய சுல்தானுக்கு ஒரு பிரெஞ்சு ராஜா அனுப்பிவைத்த போர்க்கப்பலின் பாய்மரம் என்றார் உபாத்தியாயர். பக்கத்தில் இருந்த, பாரம் தூக்கும் கலாசி ஒருவன் என் விலாவில் இடித்தான்.

"இன்னா மேஸ்திரி, அது நம்ம பம்புக் கட்டைதானே?"

"சும்மா இருடா" என்றேன்.

அடுத்த படம், பெங்களூரில் பட்டாளம் தங்கும் தண்டுப் பகுதியின் பூங்காவில் இருக்கும் குதிரைச் சிலை. குதிரை மேல் ஒரு ஜெனரல் துரை உட்கார்ந்திருக்கிறார். பரேடு மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடைத்தெருவைப் பார்த்தபடி இருக்கிறார். அதற்குக் காரணம் அந்த ஜெனரலின் மரண சாசனமாம். "என் முகம் சிப்பாய்களைப் பார்க்க வேண்டாம், ஏழை ஜனங்களைப் பார்க்கட்டும்" என்று கடைசி மூச்சில் சொன்னாராம். பள்ளிக்கூடமே கை தட்டியது. நானும் தட்டினேன். பாவம், அவ்வளவு தூரம் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார், நன்றாகவும் பேசினார்.

மறுநாள் கலாசிப் பையன்கள் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இப்போது சுரங்கத்தில் மின்சாரம் வந்துவிட்டது. பொத்தானைத் தட்டினால் பாரம் மேலே போகிறது. கயிறும் கப்பியும் வைத்து மனிதர்கள் குதிரையைத் தூக்கினார்கள் என்றால் அவர்களுக்கே கதை போலத்தான் இருக்கிறது. "நீங்க எழுதி வைங்க மேஸ்திரி, இல்லாட்டி அந்த வாத்தியார் சொன்னதே நெசமாயிடும்" என்றார்கள். நான் எழுதினால் மட்டும் அது மாறிவிடும் என்று எனக்கு நம்பிக்கை கிடையாது. அது ஏன் என்பது இதைப் படித்து முடிக்கும்போது தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

என் பெயர் முனிசாமி. வடாற்காட்டில் மழை பொய்த்த ஒரு வருஷம் ஊரை விட்டு நடந்து இங்கே வந்தவன். அப்போது கோலார் தங்கவயல் என்ற பெயரெல்லாம் யாருக்கும் தெரியாது. முள்ளும் பாறையும் இருந்த இடத்தில் வெள்ளைக்காரர்கள் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். ரயில் கிடையாது. கொதிகலன்களும் இரும்புச் சக்கரங்களும் மாட்டு வண்டியில் வந்து சேரும். அவற்றை இறக்குவதும் ஏற்றுவதும் நிறுத்துவதும் கலாசிகளின் வேலை. முடிச்சுப் போடவும் கப்பி மாட்டவும் பல வருஷம் பல பேரிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டேன். அதைப் பற்றி விவரிக்க ஒன்றும் இல்லை. திட்டெல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது.

விவரிக்க வேண்டியவர் எங்கள் கேப்டன். கேப்டன் என்றால் பட்டாளத்துக் கேப்டன் அல்ல. சீமையின் மேற்கு மூலையில் வெள்ளீயச் சுரங்கங்கள் உள்ள ஏதோ ஒரு ஊரிலிருந்து வந்தவர். அந்த ஊர்ச் சுரங்கங்களில் மேலாளாக இருப்பவருக்குக் கேப்டன் என்றுதான் பெயராம். பனைமரம் மாதிரி உயரம், செம்பட்டை மீசை, எப்போதும் தலையில் ஒரு கெட்டித் தொப்பி.

அவர் தமிழ் கற்றுக்கொண்டது எங்களிடம். நாங்கள் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிட்டுக்கொண்டோமோ அதுதான் அவருக்குத் தமிழ். ஆகையால் எல்லோரையும் "வாடா, போடா" என்பார். ஒரு தடவை பாதிரியாரையே "இன்னாடா சாமி, சாப்ட்டியா?" என்று அன்பாக விசாரித்துவிட்டார். யாரோ அவரைத் தனியாக அழைத்து, மரியாதைக்கு 'ங்க' சேர்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அவரும் உடனே சேர்த்துக்கொண்டார். எங்கே சேர்ப்பது என்பதில்தான் சிறு குழப்பம். பாரத்தைப் பார்த்து, "மெதுவா வாங்க… வாங்க… கீழ உக்காருங்க" என்பார். கயிறு இழுக்கும் எங்களைப் பார்த்து, "சீக்கிரம் இழுடா" என்பார். வேலையில் கடைசிவரை அப்படித்தான். இரும்புக்கு மரியாதை, மனிதனுக்கு டா.

ஆனால் ஒரு பாரத்தைத் தூக்குவதற்கு முன்னால் அவர் செய்யும் காரியங்களை இன்னொருவர் செய்து நான் பார்த்ததில்லை. கம்பிக் கயிற்றை முழுக்க விரித்துப் போடச் சொல்வார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நடப்பார். அறுந்த கம்பி இழை எங்கேயாவது முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்து விரலில் ரத்தம் வந்தால், அந்தக் கயிறு தள்ளுபடி. பிறகு முக்காலியின் மூன்று கால்களையும் உதைத்துப் பார்ப்பார். முக்காலி என்றால் மூன்று பெரிய தேக்குமரங்களை உச்சியில் சேர்த்துக் கட்டி, அந்த உச்சியில் கப்பி தொங்கவிட்டிருப்பது. பாரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கச் சொல்லி நிறுத்திவிடுவார். பிறகு புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொள்வார். அது புகைந்து முடியும்வரை எவனும் வாய் திறக்கக் கூடாது. மரம் முனகுகிறதா, கயிறு நறநறக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். திருப்தியானால்தான் மேலே.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். வேலை நடக்கும் இடத்தில் ஒரே ஒரு குரல்தான் கேட்க வேண்டும். அந்தக் குரலுக்குரியவன் தூரத்தில் நின்று கத்தக் கூடாது, பாரத்துக்கு அடியில் நிற்க வேண்டும். "ஆர்டர் குடுக்கறவன் கீழ நிக்கணும்டா. அப்பத்தான் ஒழுங்கா குடுப்பான்." சுரங்கத்தில் உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்த மற்ற துரைமார்கள் யாருக்கும் இந்தச் சட்டம் பிடிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ரயில் வந்தபிறகு பெங்களூர் எங்களுக்குப் பக்கத்து ஊராகிவிட்டது. அங்கே சர்க்கார் கச்சேரிகளும் பூங்காக்களும் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய பாரம் தூக்க ஆள் வேண்டும் என்றால் தங்கவயலுக்குச் சொல்லி அனுப்புவார்கள். அப்படித்தான் கொடிமரம் நிறுத்தப் போனோம். மலைநாட்டிலிருந்து வரவழைத்த மரத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பாதி கரையான். விழாவோ நெருங்கிவிட்டது. கேப்டன் எங்கள் தங்கவயலிலேயே பாலகாட் பக்கத்துச் சுரங்கம் ஒன்றில் சும்மா கிடந்த ஒரு நீளக் கட்டையை ரயிலில் ஏற்றிக் கொண்டுவரச் சொன்னார். ஆழத்திலிருந்து தண்ணீர் இறைக்கும் பம்புக்காகச் சீமையிலிருந்து வந்த கட்டை அது. வெள்ளையடித்து நிறுத்தினோம். வருஷக்கணக்கில் அதற்குப் பூசிய மசகு உள்ளே ஊறியிருந்ததால், வெயிலில் கறுப்பாக வழிந்தது. அதைப் பார்த்துத்தான் படித்தவர்கள் கப்பல் தார் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். கப்பலுக்கு ஒரு ராஜாவையும் கண்டுபிடித்துவிட்டார்கள். பம்புக் கட்டைக்கு அது ஒரு பதவி உயர்வுதான். எங்களுக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

குதிரை விஷயம் அப்படியல்ல.

சிலை வெண்கலத்தில் வார்த்தது. சீமையிலிருந்து கப்பலில் வந்து, மதராசில் இறங்கி, ரயிலில் தண்டுக்கு வந்து சேர்ந்தது. அந்த ஜெனரல் எந்த யுத்தத்தில் ஜெயித்தார் என்று நான் விசாரித்தேன். சரியாக யாருக்கும் தெரியவில்லை. கருங்கல் பீடம் ஆள் உயரத்துக்கு மேலே கட்டி முடித்திருந்தார்கள். பீடத்துக்கு மேற்கே பரேடு மைதானம். கிழக்கே, தெருவுக்கு அந்தப் பக்கம் கடைத்தெரு. கடைத்தெருவின் முதல் கடை சாராயக்கடை. ஜெனரல் மேற்கே பார்க்க வேண்டும், பட்டாளம் அணிவகுக்கும்போது சலாம் வாங்க வேண்டும் என்பது ஏற்பாடு.

வேலைக்கு மேற்பார்வை ஓர் எஞ்சினீயர் துரை. இளைஞர், சுறுசுறுப்பானவர், தூரத்தில் நின்று உத்தரவு கொடுப்பவர். விழாவுக்குப் பெரிய துரை வரப்போவதால் பூங்காப் புல் பச்சையாக இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு ரொம்பக் கவலை. முக்காலி நிற்கிற இடத்தில் தண்ணீர் விட வேண்டாம் என்று கேப்டன் முன்கூட்டியே சொல்லியிருந்தார். எஞ்சினீயரும் தலையாட்டியிருந்தார். ஆனால் தோட்டக்காரர்களிடம் சொல்ல மறந்துவிட்டாரோ, சொல்லியும் அவர்கள் கேட்கவில்லையோ, காலையில் போய்ப் பார்த்தால் புல் பளபளவென்று இருந்தது. கேப்டன் பூட்சை அழுத்திப் பார்த்தார். தண்ணீர் கசிந்தது. நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். நாளைக்கு விழா என்றார் எஞ்சினீயர். கால்களுக்கு அடியில் பலகை அடுக்கச் சொல்லிவிட்டு, கேப்டன் கட்டைவிரலால் கயிற்றைத் தடவ ஆரம்பித்தார்.

எங்கள் கும்பலில் சின்னப்பன் என்று ஒருவன் இருந்தான். வாலிபன், கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முதல் வரிசையில் நிற்பான், திங்கட்கிழமை கயிற்றுக்கும் முதல் வரிசையில் நிற்பான். குதிரையின் அடித்தட்டில் விரல் தடிமனை விடப் பெரிய இரும்பு முளைகள் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அவை பீடத்தில் குடைந்த துளைகளுக்குள் இறங்க வேண்டும். துளையில் குப்பை விழாமல் சாக்குத்துணி அடைத்து வைத்திருந்தோம். கடைசி நேரத்தில் கையை விட்டு அந்தத் துணிகளைப் பிடுங்குவது சின்னப்பன் வேலை. பீடத்தை ஒட்டிக் கட்டிய சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தான். குதிரையின் வாலில் கட்டிய கயிறு என் கையில் இருந்தது. அதை இழுத்துத்தான் குதிரையை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்ப வேண்டும்.

குதிரை மேலே போனது. வண்டியிலிருந்து தூக்கிய வாக்கில் பீடத்துக்குக் குறுக்காக, தெற்கே பார்த்துத் தொங்கியது. வலப்பக்கம் கால் சுற்றுத் திருப்பினால் மேற்கே பார்க்கும், அப்படியே இறக்கிவிடலாம். கேப்டன் பீடத்தின் மேல் ஏறி, குதிரையின் வயிற்றுக்கு அடியில் குனிந்து நின்றுகொண்டிருந்தார். "வாங்க, வாங்க" என்று குதிரையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சின்னப்பன் கையை விட்டுக் கடைசித் துணியைப் பிடுங்கினான்.

அப்போது முக்காலியின் ஒரு கால் பலகையோடு சேர்ந்து மண்ணுக்குள் இறங்கியது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. சேற்றில் மாடு கால் வைத்த மாதிரி ஒரு சத்தம். குதிரை சாய்ந்தது. தாழ்ந்த மூலையில் இருந்த இரும்பு முளை சின்னப்பனின் முன்கையைப் பீடத்தின் விளிம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை இங்கே எழுத எனக்குத் தமிழ் போதாது.

மேலே தூக்க முடியாது. தூக்கினால் அந்தக் கால் இன்னும் இறங்கும். கீழே இறக்கவும் முடியாது. எஞ்சினீயர் துரை தூரத்தில் நின்று, "ரைட்! ரைட்! திருப்பி உட்கார வை!" என்று கத்தினார். அவர் சொன்னதில் கணக்கு சரியாகத்தான் இருந்தது. வலப்பக்கம் ஒரே இழு இழுத்தால் குதிரை மேற்கே பார்த்து அதன் இடத்தில் உட்கார்ந்துவிடும். முக்காலியும் பிழைக்கும், குதிரையும் பிழைக்கும், விழாவும் பிழைக்கும். ஆனால் முளை வலப்பக்கம் நகர வேண்டுமானால் சின்னப்பனின் கை வழியாகத்தான் நகர வேண்டும்.

கயிறு என் கையில். எஞ்சினீயர் அந்த இடத்துக்கு எஜமானர். ஆனால் பல வருஷப் பழக்கம், கேப்டனின் குரல் வராமல் என் கை அசையாது.

கேப்டன் தொப்பியைக் கழற்றிக் கீழே வீசினார். அவர் வேலை நேரத்தில் தொப்பியைக் கழற்றி அதுவரை நான் பார்த்ததில்லை. ஒரு கடப்பாரையை வாங்கிக் குதிரையின் அடித்தட்டுக்குக் கீழே முட்டுக்கொடுத்து, அதற்குத் தன் தோளையும் கொடுத்துக்கொண்டு சின்னப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார். இறங்குகிற காலுக்குப் பக்கத்தில் பலகைகளைத் திணிக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மேஸ்திரி. எடதுபக்கம்."

"எடதா?" என்றேன். இடதுபக்கம் திருப்பினால் குதிரை கிழக்கே பார்க்கும்.

"எடது. மெதுவாடா. அவசரப்படாத."

எஞ்சினீயர் மறுபடியும் "ரைட்" என்று கத்தினார். கேப்டன் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குதிரையிடம் பேசிக்கொண்டிருந்தார். "போங்க… போங்க… அப்படித்தான்… போங்க." குழந்தையைத் தூங்கவைப்பதைப் போல இருந்தது அந்தக் குரல். நான் இழுத்தேன். முளை சின்னப்பனின் கையை விட்டு ஒரு விரற்கடை விலகியது. இன்னொரு விரற்கடை விலகியது. யாரோ அவனை இடுப்பில் பிடித்துச் சாரத்திலிருந்து பின்னால் இழுத்தார்கள். அதே சமயம் முக்காலியின் மரம் ஒன்று நீளவாக்கில் வெடிக்கிற சத்தம் கேட்டது.

"வுடாத, இழு! சுத்தட்டும்!"

குதிரை கிழக்கே திரும்பியது. கேப்டன் அடியிலிருந்து உருண்டு வெளியே வந்து கையை இறக்கினார். கலாசிகள் கயிற்றை விட்டார்கள். முளைகள் துளைகளில் இறங்கின. எந்தப் பக்கம் வைத்தாலும் பொருந்துகிற மாதிரி துளைகளைக் குடைந்திருந்த கல்தச்சனைக் கடவுள் ஆசீர்வதிக்கட்டும். வெடித்த முக்காலி, எல்லாம் முடியட்டும் என்று காத்திருந்ததைப் போல, அதற்குப் பிறகுதான் புல்லின் மேல் சாய்ந்தது.

ஜெனரல் கம்பீரமாகச் சாராயக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் வெளியே வந்து, என்ன செய்வது என்று தெரியாமல் சலாம் போட்டார்.

சின்னப்பனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வருவதற்குள் சண்டை ஆரம்பமாகிவிட்டது. என் காதுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் எட்டும். மறுபடியும் தூக்கித் திருப்ப வேண்டும் என்றார் எஞ்சினீயர். இந்த மண்ணில், இந்த மரத்தில், இன்னொரு தடவை தூக்க மாட்டேன் என்றார் கேப்டன். "ஒரு கைக்காக ராஜ்ஜியத்தின் ஜெனரலைச் சாராயக்கடைப் பக்கம் திருப்பிவிட்டாயே!" என்றார் எஞ்சினீயர். கேப்டன் புல்லில் கிடந்த தொப்பியை எடுத்துச் சேற்றைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கடைசியில், பெரிய துரை முன்னால் சிலை ஆடக் கூடாதே என்று எஞ்சினீயரே துளைகளில் ஈயத்தை உருக்கி ஊற்றச் சொன்னார். ஈயம் ஊற்றிய பிறகு குதிரையும் பீடமும் ஒன்றுதான்.

மறுநாள் விழா. பெரிய துரை வந்தார், திரையை இழுத்தார், சிலையைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார், மறுபடியும் சிலையைப் பார்த்தார். எஞ்சினீயரின் முகம் வெளிறிப்போயிற்று. ஆனால் பெரிய துரை அனுபவசாலி. ஒரு விநாடிதான் யோசித்தார். பிறகு, போர்வீரரின் முகத்தை ஆயுதங்களின் பக்கம் திருப்பாமல் ஜனங்களின் பக்கம் திருப்பிய இந்த உயர்ந்த எண்ணம் யாருடையதோ, அவரைப் பாராட்டுகிறேன் என்றார். எஞ்சினீயர் எழுந்து தலை வணங்கினார். பின்னாளில் அவர் பெரிய பதவிக்குப் போனார். உபாத்தியாயர் சொன்ன மரண சாசனத்துக்கு விதை இதுதான் என்று நினைக்கிறேன். இறந்த ஜெனரலின் கடைசி வார்த்தைகள் பெரிய துரையின் வாயில் பிறந்ததை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

கேப்டனுக்கு வந்தது கண்டனம். உத்தரவை மீறினார், முக்காலியை உடைத்தார் என்று. இனிமேல் அவரை வெளிவேலைக்கு அனுப்பக் கூடாது என்றும் ஆகிவிட்டது. சின்னப்பனின் கையை வெட்டாமல் காப்பாற்றினார்கள். ஆனால் எலும்பு கோணலாகக் கூடி, விரல்கள் மடங்காமல் போயின. கயிறு பிடிக்க முடியாத கலாசிக்குச் சுரங்கத்தில் என்ன வேலை? கேப்டன் தானே பெங்களூருக்குப் போய், அந்த எஞ்சினீயரின் முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாராம். சின்னப்பனுக்குப் பூங்காவிலேயே வேலை கிடைத்தது. என்ன வேலை என்றால், அந்தப் புல்லுக்குத் தண்ணீர் விடுகிற வேலை.

சில வருஷம் கழித்துக் கேப்டன் இருமலோடு சீமைக்குப் புறப்பட்டார். நானும் சின்னப்பனும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தோம். ரயில் நகர்ந்தபோது ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்து, "போயிட்டு வாங்க" என்றார். போகிறவர் அவர், நிற்கிறவர்கள் நாங்கள். ஆனால் ஜன்மத்தில் முதல் தடவையாக எங்களுக்கு 'ங்க' போட்டிருக்கிறார், அதைத் திருத்த யாருக்கு மனசு வரும்? "வரோம் துரை" என்றோம்.

இதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் ஜெனரல் சாராயக்கடையைப் பார்க்கிறார் என்பது மதுவிலக்குச் சங்கத்தாரின் கண்ணில் பட்டது. குடிக்கிறவர்கள் முதல் குவளையை ஜெனரலை நோக்கி உயர்த்திவிட்டுத்தான் குடிக்கிறார்கள், இது கௌரவக் குறைவு என்று மனு மேல் மனு போட்டார்கள். புதிதாக வந்த எஞ்சினீயர், இவர் இந்த ஊர்க்காரர், சிலையைத் திருப்பிவிடலாம் என்று முடிவு செய்தார். வெட்டிரும்பு வைத்து ஈயத்தை எடுத்து, இரும்பு முக்காலியால் தூக்கித் திருப்ப வேண்டும். அதற்குக் கும்பலோடு போனவன் நான். என் வேலைக்காலத்தின் கடைசி வெளிவேலை அது.

போய்ப் பார்த்தால், பீடத்தைச் சுற்றிப் பெருங்கூட்டம். கடைத்தெருவே அங்கே வந்திருந்தது. பீடத்தில் மஞ்சளும் குங்குமமும் பூசியிருந்தது. ஒரு மூலையில் எலுமிச்சம்பழமும் சுருட்டும் வைத்திருந்தார்கள். இன்னொரு மூலையில் மெழுகுவத்திகள் எரிந்து உருகிக் கிடந்தன. பாதிப் பேருக்கு அவர் குதிரை மேல் வரும் முனீஸ்வரன். மாதாகோயிலுக்குப் போகிற மீதிப் பேருக்குக் குதிரை மேல் வரும் சந்தியாகப்பர். படித்தவர்கள் சிலர் குடையோடு நின்று, மகானின் கடைசி ஆசையை மீறக் கூடாது என்று வாதாடினார்கள். சாராயக்கடைக்காரர் எல்லாருக்கும் பின்னால் நின்று எல்லாரையும் ஆதரித்தார்.

"எங்களைப் பாத்துனு இருக்கற சாமி. அத்த ஏன் முதுகு காட்டச் சொல்றீங்க?" என்று ஒரு காய்கறிக்காரம்மா கேட்டாள். அவள் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

எஞ்சினீயர் நல்லவர், நியாயமானவர். இது சாமியும் இல்லை, சாசனமும் இல்லை, ஒரு விபத்து, இவ்வளவுதான் என்று ஜனங்களுக்குத் தெரிந்துவிட்டால் கலைந்துவிடுவார்கள் என்று நினைத்தார். நடந்ததைத் தெரிந்தவர் யாராவது சொல்லட்டும் என்றார். நான் சின்னப்பனைப் பார்த்தேன். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் பீடத்தின் படியில் ஏறினான்.

"எல்லாரும் கேளுங்க. இது சாமி இல்ல. யாரோ ஒரு துரை. அவருக்கும் நமக்கும் சம்பந்தம் இல்ல. இதோ, இந்தக் கை" என்று கோணிப்போன கையைத் தூக்கிக் காட்டினான். "இந்தக் கை குதிரைக்கு அடியில மாட்டிக்கிச்சு. அந்தப் பக்கம் திருப்பினா குதிரைக்குச் சரியா இருக்கும், என் கை போயிடும். இந்தப் பக்கம் திருப்பினா என் கை பொழைக்கும். எங்க கேப்டன் இந்தப் பக்கம் திருப்பினாரு. அவ்ளோதான். இந்தக் கைக்காகத்தான் குதிரை இந்தப் பக்கம் பாக்குது. வேற ஒண்ணும் இல்ல. வீட்டுக்குப் போங்க."

எஞ்சினீயர் நிம்மதியாக நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு முன்வரிசையில் இருந்த ஒருவன் அப்படியே புல்லின் மேல் விழுந்து கும்பிட்டான். "கூலிக்காரன் கைக்காகக் குதிரை திரும்பிச்சாம்டா!" என்று ஒரு குரல் எழுந்தது. ஒரு விநாடியில் கூட்டம் முழுக்க அது பரவியது. தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சின்னப்பனிடம் ஓடினார்கள், அந்தக் கையால் தொட்டுவிடச் சொல்லி. குடைக்காரர்களில் ஒருவர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதுவரை குதிரையைத் திருப்பக் கூடாது என்று கேட்டவர்கள், அதற்குப் பிறகு, திருப்பித்தான் பாருங்கள் என்று சொல்கிற நிலைக்கு வந்துவிட்டார்கள்.

எஞ்சினீயர் என் பக்கம் திரும்பினார். "மேஸ்திரி, சாமான்களை ஏற்றுங்கள்" என்றார். உத்தரவு ரத்தாகிவிட்டது.

கூட்டம் குறைந்த பிறகு நானும் சின்னப்பனும் படியில் உட்கார்ந்திருந்தோம். அவன் மிரண்டுபோயிருந்தான்.

"அண்ணே, நான் பொய்யா சொன்னேன்?"

"இல்லையே. நடந்தது அதுதானே."

"அப்புறம் ஏன் கால்ல வுழறாங்க?"

நான் அவன் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு அவனுக்குக் குடிக்கக் கொடுத்தேன்.

அந்தக் காய்கறிக்காரம்மா எங்களிடம் வந்தாள். கையில் சூடக்கட்டி. சிலையைப் பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்தாள்.

"ஏம்பா, கேப்டன்னு சொன்னியே, திருப்பினவரு. அவரு பேரு இன்னா?"

சின்னப்பன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இத்தனை வருஷம் அவருக்குக் கீழே வேலை செய்திருக்கிறோம். அவர் கட்டைவிரலில் இருந்த தழும்புகள்கூட எனக்கு மனப்பாடம். பெயரை மட்டும் நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

"தெரியாதும்மா" என்றான் சின்னப்பன். "கேப்டன்னுதான் கூப்பிடுவோம்."

"போதும்" என்றாள். ஜெனரலின் பெயர் பொறித்த கல்லுக்கு முன்னால், வெயிலில், சூடத்தை வைத்துக் கொளுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு கை கூப்பினாள்.

"கேப்டன் சாமி, நீ எங்க கீறியோ, நல்லா இரு."